முகத்துக்குச் செலவு, மூச்சுக்குக் கஞ்சத்தனம்

அமெரிக்காவில் வீடு வாங்கிய பிள்ளைகள் போட்டோ அனுப்பியிருப்பார்கள். கூடத்தில் செங்கல் கட்டிய கணப்பு, அதில் விறகு எரிய, முன்னால் சிரித்தபடி குடும்பம். 'குளிருக்கு ரொம்ப இதமா இருக்கும்மா' என்று போனில் வேறு சொல்வார்கள்.

இதம்தான், பார்வைக்கு! திறந்த கணப்பு விறகின் சூட்டில் பத்து சதவிகிதத்தை வீட்டுக்குக் கொடுத்தாலே பெரிய விஷயம். மிச்சம் புகைபோக்கி வழியே வானத்துக்கு. போகிற போக்கில், ஹீட்டர் போட்டுக் காசு கொடுத்துச் சூடாக்கிய அறைக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். இந்த வீண்செலவு பொறுக்காமல்தான் 1740-களிலேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இரும்பு அடுப்பு ஒன்றைச் செய்து காட்டினார்.

இன்றைக்கு இதற்கு ஒரு நல்ல மருந்து இருக்கிறது. கணப்பின் பொந்துக்குள் அப்படியே செருகிவிடுகிற பெல்லட் ஸ்டவ். மரத்தூளை இறுக்கி, பென்சிலை நறுக்கினது போலச் செய்த துண்டுகள்தான் பெல்லட். மேலே தொட்டியில் கொட்டினால், ஒரு திருகு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடும். ஒரு ஃபேன் புகையை வெளியே தள்ளும். இன்னொன்று சூட்டை அறைக்குள் ஊதும். 70 முதல் 83 சதவிகிதம் வரை பலன் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. தாராளமாக வாங்கலாம்.

என் சண்டை ஸ்டவ்வோடு அல்ல, அதை மாட்டுகிற லட்சணத்தோடு.

'பழைய சிம்னி சும்மாதானே சார் இருக்கு? புகையை அதுலயே விட்டுடலாம். உச்சி வரைக்கும் லைனர் எதுக்கு, தண்டச் செலவு' என்று சொல்லும் கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டவ்வின் புகைக் குழாய் 4 அங்குலம் என்றால் அதன் வாய் சுமார் 12.5 சதுர அங்குலம். சிம்னியின் உள்வழி 12-க்கு 12 என்றால் 144. பதினோரு மடங்குக்கு மேல்! விறகு நெருப்பின் புகையைவிட பெல்லட் புகைக்குச் சூடு குறைவு. அவ்வளவு பெரிய குளிர்ந்த குகைக்குள் போனதும் அது மேலே ஏறத் தெம்பில்லாமல் ஆறிப்போகும். அதிலுள்ள நீராவி சுவரில் வேர்த்து, சாம்பலோடும் கரியோடும் கலந்து, செங்கல் இடுக்கிலுள்ள சாந்தை அரிக்கும். சாந்து உதிர்ந்த இடம் புகைக்கு வாசல். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் வரலாம். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

மாசசூசெட்ஸில் 2005 ஜனவரியில் ஒரு வீட்டில் வெப்பக் கருவியின் வெளிக்குழாயைப் பனி மூடியது. இந்த வாயுவுக்கு ஒரு சிறுமி பலியானாள். அதே ஆண்டில், வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் என்று அங்கே சட்டம் வந்தது. அது பெல்லட் ஸ்டவ் இல்லைதான். ஆனால் வெளியே போக வழியில்லாத வாயுவுக்கு எந்த அடுப்பு என்ற பேதம் கிடையாது.

'பதினைஞ்சு வருஷமா லைனர் இல்லாமதான் ஓடுது' என்று பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்வார். ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டுகிறவரும் இதையேதான் சொல்கிறார்.

மறைக்கிற இன்னொரு விஷயம் மின்சாரம். கரண்ட் போனால் திருகும் நிற்கும், ஃபேனும் நிற்கும். பாதி எரிந்த பெல்லட்டின் புகை அறைக்குள்ளேயே திரும்பலாம். 2008 டிசம்பரில் வடகிழக்கு அமெரிக்காவில் அடித்த பனிப்புயலில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. சில ஊர்களில் மின்சாரம் வர இரண்டு வாரம் ஆனது. குளிர் உச்சத்தில் இருக்கும்போது படுத்துவிடுகிற அடுப்புக்குப் பேட்டரி வேண்டும் என்பதை விற்கிறவர்தானே முதலில் சொல்லவேண்டும்?

கான்ட்ராக்டரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. பேரம் பேசுகிற நம்ம பிள்ளைகளும் இதில் கூட்டு. கண்ணாடிக் கதவுக்கும் முகப்பு அலங்காரத்துக்கும் கேட்ட காசைக் கொடுப்பார்கள். விருந்தாளி பார்ப்பாரே! லைனர் என்றதும் 'அதுல கொஞ்சம் குறைச்சுக்கோங்க' என்பார்கள். சிம்னிக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? அந்தத் தைரியம்தான். முகப்பில் மிச்சம் பிடித்தால் அழகு குறையும், அவ்வளவுதான். லைனரில் மிச்சம் பிடித்தால் ஆளே குறையலாம்.

அதனால் வாசகர்களே, ஞாயிற்றுக்கிழமை போனில் 'சாப்பிட்டியா, அங்க பனியா?' என்று விசாரிப்பீர்கள் இல்லையா, கூடவே இந்த நாலையும் கேட்டுவிடுங்கள்: 'சிம்னியைச் சுத்தம் பண்ணி, விஷயம் தெரிஞ்சவர்கிட்ட காட்டினியா? ஸ்டெயின்லெஸ் லைனர் உச்சி வரைக்கும் போட்டாச்சா? ஊர் நிர்வாகத்துல பெர்மிட் வாங்கினியா? படுக்கை அறைப் பக்கம் அலாரம் வேலை செய்யுதா?'

'என்னம்மா, இன்ஜினீயர் மாதிரி கேக்கறே' என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பதில் வரும்வரை போனை வைக்காதீர்கள்.