ஒப்பந்த நிரலுக்கும் இரண்டாம் கையொப்பம் வேண்டும்

வங்கியில் பெருந்தொகைக்கான பதிவை ஒருவரே இட்டு, அவரே ஒப்புதலும் அளித்துவிட முடியாது. பதிவிடுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் மற்றொருவர் என்பது நம் வங்கித்துறையில் ஊறிப்போன ஒழுங்கு. பாதுகாப்புப் பெட்டகமும் அப்படியே. வாடிக்கையாளரின் சாவியோடு வங்கியின் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். பிளாக்செயின்மீது இயங்கும் ஒப்பந்த நிரல்களுக்கு இந்த ஒழுங்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. ஒரு நிரலாளரின் மடிக்கணினியில் உருவாகி, அங்கிருந்தே வலையமைப்பில் ஏற்றப்படும் நிரல்கள் உள்ளன. அதே நிரலை வேறொருவர் வேறொரு கணினியில் உருவாக்கினால் அதே விளைவு கிடைக்குமா என்று யாரும் பார்ப்பதில்லை. பணத்தைக் கையாளும் நிரல் எதற்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது நமது கருத்து.

இது தொலைதூரத்துக் கவலையன்று. உள்நாட்டுக் கடனுறுதிக் கடிதங்களை பிளாக்செயின் வழியே கையாளுவதற்கென 2021-இல் நம் நாட்டின் 15 வங்கிகள் ஒன்றிணைந்து தனி நிறுவனமே தொடங்கின. 2024 செப்டம்பரில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ‘விஷ்வஸ்யா’ என்னும் பிளாக்செயின் தொழில்நுட்ப அடுக்கை வெளியிட்டது. இத்துறையில் எழுதப்படும் நிரல்கள் இனி பெருகவே செய்யும்.

சிக்கல் எங்கே தோன்றுகிறது? நிரலாளர் எழுதுவது மனிதர் படிக்கத்தக்க மூலநிரல். அதைக் கம்பைலர் என்னும் மென்பொருள் இயந்திரக் குறியீடாக மாற்றுகிறது. வலையமைப்பில் குடியேறுவது அந்தக் குறியீடு. தணிக்கையாளர் வரிவரியாகப் படிப்பதோ பெரும்பாலும் மூலநிரல். இரண்டுக்கும் இடையே கம்பைலரின் பதிப்பும், அதன் அமைப்புகளும், துணை நூலகங்களும் நிற்கின்றன.

எத்தீரியத்தில் பெரிதும் பயன்படும் சொலிடிட்டி மொழியையே எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பரில் வந்த 0.8.0 பதிப்புக்கு முன்பு, பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் நிரல் எந்த முணுமுணுப்பும் இன்றி அந்த எண்வகையின் மிகப்பெரிய எண்ணைத் தந்துவிடும். இருப்பே இல்லாத கணக்கில் ஒரு ரூபாய் கழித்ததும் அது குபேரன் கணக்காகிவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். 0.8.0 முதல் அத்தகைய கழித்தல் நடவடிக்கையையே நிறுத்திவிடுகிறது. ‘0.6-க்கு மேல், 0.9-க்குக் கீழ் எந்தப் பதிப்பாயினும் சரி’ என்று மூலநிரலின் தலையில் எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. அவ்வாறு எழுதினால், ஒரே மூலநிரலிலிருந்து இருவேறு நடத்தையுள்ள ஒப்பந்தங்கள் பிறக்க இடமுண்டு. 2023 மே மாதத்தில் வந்த 0.8.20 பதிப்பு, புதிய கட்டளை ஒன்றைத் தானாகவே பயன்படுத்தத் தொடங்கியது. அதை அப்போது ஏற்காத வலையமைப்புகளில் அந்நிரல்கள் இயங்க மறுத்தன. “என் கணினியில் நன்றாகத்தானே ஓடுகிறது?” என்னும் நிரலாளர்களின் பழம்பெரும் பதிலை அன்று பலர் கேட்டிருப்பார்கள்.

துணை நூலகங்களின் கதை இன்னும் கவலைக்குரியது. 2024 டிசம்பரில் சொலானா வலையமைப்புக்கான ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை வெளியிடும் உரிமை தீயோர் கைக்குப் போயிற்று. அவர்கள் வெளியிட்ட 1.95.6, 1.95.7 ஆகிய பதிப்புகளில் இரகசியச் சாவிகளைத் திருடும் நிரல் ஒளிந்திருந்தது. அப்பதிப்புகள் சில மணி நேரமே புழக்கத்தில் இருந்தன. எனினும் ‘புதியது எதுவோ அதைக் கொண்டுவா’ என்று அமைத்திருந்தவர்களின் கணினிக்குள் அவை நுழைய அந்நேரம் போதும். முந்தைய பதிப்பைப் பூட்டுக் கோப்பில் குறித்து, அதில் உள்ளபடியே நிறுவியவர்களிடம் அவை வந்திருக்க முடியாது.

பரிகாரம் எளியதே. கம்பைலரின் பதிப்பைத் துல்லியமாக ஓர் எண்ணாகக் குறிக்க வேண்டும். அதன் அமைப்புகளையும் இலக்கு வலையமைப்பின் பதிப்பையும் உடன் எழுத வேண்டும். பூட்டுக் கோப்பை மூலநிரலோடு சேர்த்தே பாதுகாக்க வேண்டும். டாக்கர் கொள்கலனைப் பயன்படுத்துவோர் ‘லேட்டஸ்ட்’ என்னும் பெயரை நம்பக் கூடாது. அப்பெயர் இன்று ஒன்றையும் நாளை வேறொன்றையும் சுட்டும். கொள்கலனின் ஹாஷ் எண்ணையே குறிப்பது முறை. உண்மை வலையமைப்பின் நகலில் சோதனை செய்வோர் எந்தப் பிளாக் எண்ணிலிருந்து நகலெடுத்தனர் என்பதையும் நிலைப்படுத்த வேண்டும். இல்லையேல் நேற்றைய தேர்ச்சி இன்று தோல்வியாகும். சொலிடிட்டியில் ஒரு நுட்பம் உண்டு: மூலநிரலின் குறிப்புரையில் ஒரு சொல்லை மாற்றினாலும், வழக்கமான அமைப்பில் இயந்திரக் குறியீட்டின் வால்பகுதி மாறிவிடும். சரிபார்ப்பவருக்கு இது தொல்லையாகத் தோன்றலாம். தணிக்கை செய்த கோப்பும் ஏற்றிய கோப்பும் ஒன்றுதானா என்பதற்கு இதைவிடக் கறாரான சாட்சி கிடைக்காது என்பது நம் எண்ணம்.

பிட்காயினை முதலீடாகப் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் அதன் மென்பொருளை உருவாக்குவோரிடம் கற்க ஒன்று உண்டு. ஒவ்வொரு பதிப்பையும் பலர் தத்தம் கணினிகளில் தனித்தனியே உருவாக்கி, கிடைத்த ஹாஷ் எண்களைக் கையொப்பமிட்டு வெளியிடுகின்றனர். 2021-இல் வந்த 22.0 பதிப்பு முதல் இதற்கு ‘கிக்ஸ்’ என்னும் கருவியைக் கையாளுகின்றனர். எண்கள் ஒத்துவராவிட்டால் ஏதோ பிழை என்று உடனே தெரிந்துவிடும்.

இம்முறை எல்லாத் தீங்கையும் தடுக்காது. 2023 ஜூலையில் வைப்பர் மொழியின் மூன்று பழைய கம்பைலர் பதிப்புகளில் இருந்த குறையால், கர்வ் என்னும் தளத்தின் சில நிதித்தொகுப்புகளிலிருந்து பல கோடி டாலர் பறிபோயிற்று. மூலநிரல் சரியாகவே இருந்தது, கம்பைலர்தான் தவறியது. எத்தனை கணினியில் உருவாக்கினாலும் அதே குறை அப்படியே திரும்ப வந்திருக்கும். ஆனால் எந்த ஒப்பந்தம் எந்தப் பதிப்பில் உருவானது என்று தெரிந்தவர்களால்தான் ஆபத்தின் எல்லையை விரைவில் வகுக்க முடியும்.

வங்கிகள் பயன்படுத்துவது உறுப்பினர்களுக்கு மட்டுமான வலையமைப்பு, தவறினால் திருத்திக்கொள்ளலாம் என்று சிலர் வாதிடலாம். ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் போன்ற அத்தகைய அமைப்பில், ஒரு நடவடிக்கைக்கு ஒப்புதல் தரவேண்டிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் நிரலைத் தம் கணினியில் இயக்குகின்றன; விளைவுகள் ஒத்திருந்தால்தான் அந்நடவடிக்கை செல்லும். ஒரு வங்கியில் ஒரு நூலகப் பதிப்பும் மற்றொன்றில் வேறொரு பதிப்பும் இருந்து விளைவு வேறுபட்டால், நடவடிக்கை நின்றுவிடும். திருத்தம் பின்னர் வரலாம். சரக்கை அனுப்பிவிட்டு, வாரக்கூலி கொடுக்கப் பணத்தை எதிர்நோக்கியிருக்கும் சிறுதொழில் முனைவோருக்கு அந்த ‘பின்னர்’ எத்தனை நாள் என்பதே கேள்வி.

எனவே மென்பொருள் கொள்முதலுக்கான ஒப்பந்தப்புள்ளியில் ஒரு விதியைச் சேர்க்கலாம் என்பது நம் பரிந்துரை. வழங்குநர் தரும் கோப்புகளை மட்டும் கொண்டு, வங்கியின் சொந்த அலுவலர் ஒருவர் புதிய கணினியில் நிரலை உருவாக்கிப் பார்க்கட்டும். கிடைக்கும் ஹாஷ் எண் வழங்குநர் அளித்த எண்ணோடு ஒத்திருந்தால் நிரலை ஏற்றலாம். ஒத்திராவிட்டால், காரணம் எழுத்தில் வரும்வரை நிரலும் ஏறாது, தவணைத் தொகையும் விடுவிக்கப்படாது.