படைவீரரின் பதிவேடு அவருக்கே உரியது

இந்தியத் தரைப்படையிலிருந்து விடைபெறும் சிப்பாய்க்கு ஒரு சிறு புத்தகம் வழங்கப்படுகிறது. டிஸ்சார்ஜ் புக் என்று படைவீரர் குடும்பங்கள் எல்லாம் அறிந்த புத்தகம் அது. படை எண், பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள், விலகற் காரணம், தொழிற்பிரிவு, பெற்ற பதக்கங்கள், உடலின் அடையாளக் குறிகள், மனைவி மக்கள் பெயர் என அதன் பக்கங்கள் விரிவாகவே நிரப்பப்படுகின்றன. அம்மனிதர் எப்படிப் பணியாற்றினார் என்பதற்கு மட்டும் அதில் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. நடத்தை என்ற தலைப்பின் எதிரே ‘எக்ஸம்ப்ளரி’ என்றோ ‘வெரி குட்’ என்றோ ஒரு மதிப்பு. கீழே ஒரு கையொப்பம், ஒரு முத்திரை. ஆவடியிலும் பட்டாபிராமிலும் திருமுல்லைவாயிலிலும் குடியமர்ந்திருக்கும் முன்னாள் படைவீரர், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் வாயில்களில் வேலை கேட்டு நிற்கும்போது, தம் இளமை முழுவதற்கும் சான்றாகக் காட்டக்கூடியது அந்த ஒரு வரியே.

படை அவரை மதிப்பிடாமலே விட்டிருந்தால் இதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் படையைப்போல் தன் பணியாளரை ஆண்டுதோறும் அளந்து பார்க்கும் அமைப்பு நாட்டில் வேறு அரிது. ஹவில்தார் ஒருவர் நாயிப் சுபேதாராக உயர வேண்டுமானால் அவருடைய கடைசி ஐந்து ஆண்டு மந்தண அறிக்கைகளுள் குறைந்தது மூன்று ‘சராசரிக்கு மேல்’ என்ற தரத்தில் இருத்தல் வேண்டும். அதிகாரிகளுக்கோ ஒவ்வோர் இயல்புக்கும் ஒன்று முதல் ஒன்பது வரை எண் இடப்படுகிறது. ஒரு புள்ளி குறைந்தால் உயர்வு தவறும். உயர்வு தவறினால் பணிக்காலமே சுருங்கும். ஏனெனில் சிப்பாய், நாயக், ஹவில்தார் என ஒவ்வொரு பதவிக்கும் பணிக்கால வரம்பு வேறு. ஆகவே ஒருவர் முப்பத்தேழு வயதில் வீடு திரும்புவதா, நாற்பத்தைந்தில் திரும்புவதா என்பதையே அந்த அறிக்கைகள் முடிவு செய்கின்றன. அத்துணை வலிமை வாய்ந்த தாள்கள், அவர் வெளியேறும் நாளில் செகந்தராபாத்திலோ வெல்லிங்டனிலோ உள்ள ஆவணக் காப்பகத்தில் தங்கிவிடுகின்றன. வேலை தேடும் நாளில் அவை அவர் கையில் இல்லை.

இந்த இழப்பு எங்கும் உண்டெனினும், சென்னையின் மேற்குப் புறநகரில் அது கண்முன் நிற்கிறது. 1961ஆம் ஆண்டு ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி அங்கிருந்து வெளிவந்தது. பின்னர் டி-72, டி-90, அர்ஜுன் என நாட்டின் கவச ஊர்திகள் அம்மண்ணிலேயே உருவாயின. போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனமும் எஞ்சின் தொழிற்சாலையும் அங்கேதான் உள்ளன. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கவச ஊர்தி நிறுவனத்தின் தலைமையிடமாக ஆவடியே அமைந்தது. ஆவடியில் பிறக்கும் ஊர்திகளை ராஜஸ்தானத்து மணலிலும் லடாக்கின் பனியிலும் பழுது நீக்கி ஓட வைத்தவர்கள் இ.எம்.இ. எனப்படும் மின், இயந்திரப் பொறியியல் பிரிவின் தொழில்நுட்ப வீரர்கள். அவர்களுள் ஒருவர் ஓய்வுபெற்று வந்து, 1964 முதல் இயங்கும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இயந்திரப் பட்டறை ஒன்றை நாடினால், அவர் நீட்டும் புத்தகத்தில் ‘வெஹிக்கிள் மெக்கானிக், ஏ.எஃப்.வி., கிளாஸ் ஒன்று’ என்று எழுதியிருக்கும். ஆயிரம் குதிரைத்திறனுடைய டீசல் எஞ்சினைப் பிரித்துக் கோக்கும் திறம் அது என்பதை அங்கே மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் எவ்வாறு அறிவார்? அவர் கேட்பது ஐ.டி.ஐ. சான்றிதழ். அது இல்லையெனில், வாயிற்காப்பாளர் பணி காலியாக இருப்பதாகச் சொல்லி அனுப்புகிறார்.

காவற்பணி இழிந்ததன்று. 1986இல் தமிழக அரசு தோற்றுவித்த டெக்ஸ்கோ நிறுவனம் பல்லாயிரம் முன்னாள் படைவீரர்களுக்கு அப்பணியால் சோறு போட்டிருக்கிறது; அதை நன்றியுடன் குறிப்பிடுகிறோம். விரும்பி ஏற்பவர் ஏற்கட்டும். தொழில் தெரிந்தவர் அத்தொழிலுக்குச் சான்று இல்லாமையால் வாயிலில் நிற்க நேர்வதே நம் வருத்தம். அவருக்கு அது ஊதிய இழப்பு. திறன்மிக்க ஆள் கிடைக்கவில்லை என்று நாள்தோறும் முறையிடும் சிறுதொழில் முனைவோருக்கும் இழப்பு.

இட ஒதுக்கீடு இருக்கிறதே என்பர். உண்மை. மத்திய அரசுத் துறைகளில் ‘சி’ பிரிவில் 10 விழுக்காடும், பொதுத்துறை நிறுவனங்களில் அதே பிரிவில் 14.5 விழுக்காடும் முன்னாள் படைவீரர்க்கு ஒதுக்கப்பட்டுள்ளன. பத்தாம் வகுப்பு முடித்துப் பதினைந்து ஆண்டு படையில் பணியாற்றியவரைச் சில ‘சி’ பிரிவுப் பணிகளுக்குப் பட்டதாரிக்கு நிகராகக் கொள்ளும் ஆணையும் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் படையை விட்டு வெளிவருகின்றனர். அரசுப் பணியிடங்கள் அத்தனை பேரையும் தாங்கா. எஞ்சியோர் செல்ல வேண்டியது தனியார் துறைக்கு. அங்கே ஒதுக்கீடு இல்லை. சான்றே பேச வேண்டும்.

அதிகாரிகளின் நிலை வேறு வகையில் கடியது. அரசுத் துறைகளும் வாரியங்களும் அயற்பணி அடிப்படையில் ஆள் கேட்கும் விளம்பரங்களில், கடந்த ஐந்தாண்டு மந்தண அறிக்கைகளின் நகல்கள் கேட்கப்படுவது வழக்கம். அவ்வாறு விண்ணப்பிக்கும் படை அதிகாரி, தம்மைப் பற்றி மேலாய்வு அலுவலர்கள் எழுதியதை முழுமையாகப் பார்த்ததே இல்லை. தாம் படித்தறியாத தாளைக் கொண்டே தம் அடுத்த வாழ்வு எடைபோடப்படுவதை அவர் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குடியியல் ஊழியர்க்கு இந்த இருள் என்றோ நீங்கிவிட்டது. எல்லைப்புறச் சாலை அமைப்பில் பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவரின் வழக்கில், 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓர் ஆண்டில் அவருக்கு ‘நன்று’ என்று எழுதியிருந்தனர். உயர்வுக்கு வேண்டியதோ ‘மிக நன்று’. எழுதப்பட்டது அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. நல்லதோ அல்லதோ, ஒவ்வொரு குறிப்பையும் ஊழியரிடம் தெரிவித்தாக வேண்டும், மாற்றுக் கோர அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று நீதிபதிகள் கூறினர். அடுத்த ஆண்டே மத்தியப் பணியாளர் துறை முழு அறிக்கையையும் ஊழியருக்குக் காட்ட ஆணையிட்டது. அதே தீர்ப்பு, மேஜர் பகதூர் சிங் வழக்கின் முந்தைய தீர்ப்பைச் சுட்டி, படை அதிகாரிகளுக்கு இது பொருந்தாது என்று விலக்கியும் வைத்தது. போர்க்களத்தில் கட்டளையிடுவோர் தம் கீழுள்ளவரைப் பற்றி அச்சமின்றி எழுத வேண்டும் என்ற காரணத்தை நாம் மதிக்கிறோம். பணியில் இருக்கும்வரை அக்காரணம் நிற்கும். சீருடை களைந்து வீடு திரும்பியவரிடமும் அதைச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

மறைவில் எழுதப்படுவது எத்தனை அலட்சியமாகவும் எழுதப்படலாம் என்பதை 2021 மார்ச் 25ஆம் நாள் வெளிவந்த நிதிஷா வழக்கின் தீர்ப்பு காட்டியது. பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வாய்ப்பே இல்லாதிருந்த காலத்தில் அவர்களுடைய ஆண்டறிக்கைகள் ஏனோதானோவென்று நிரப்பப்பட்டிருந்தன; பின்னர் அவற்றையே அளவுகோலாக்கி அவர்களைத் தள்ளியது பாகுபாடே என்று உச்ச நீதிமன்றம் கண்டது. 1992 முதல் பெண்களுக்குப் பயிற்சி அளித்துவரும் பறங்கிமலைப் பயிற்சிக் கழகம் இப்புறநகருக்கு அண்டையிலேயே உள்ளது. அங்கிருந்து குறுகிய காலப் பணிக்குச் செல்லும் ஆணும் பெண்ணும் பத்து ஆண்டிலோ பதினான்கு ஆண்டிலோ ஓய்வூதியம் இன்றி வெளிவருகின்றனர். பிறர் கவனமின்றி இட்ட எண் அவர்களைப் பின்தொடரலாகாது.

எனவே எல்லா அறிக்கைகளையும் அப்படியே முதலாளிகளின் மேசையில் கொட்டுக என்று நாம் கேட்கவில்லை. சிப்பாய் தண்டனை பெறும்போது அவர் தாளில் ஏறும் சிவப்பு மைப் பதிவுகளின் கதை நினைவில் இருக்கட்டும். நான்கு பதிவு சேர்ந்தாலே ஒருவரை வெளியேற்றிவிடலாம் என்று எண்ணியிருந்தோர்க்கு, தக்க விசாரணையின்றி அது கூடாது என வீரேந்திர குமார் துபே வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் கூறியது. விடுப்பு முடிந்து மூன்று நாள் தாமதமாகத் திரும்பிய பத்தொன்பது வயதுப் பிழை, நாற்பது வயதில் ஒரு தொழிற்சாலை வாயிலில் வந்து நிற்கத் தேவையில்லை. அமெரிக்காவில் படைவிலகற் படிவத்துக்கு இரு நகல்கள் தருகின்றனர்: விலகற் காரணமும் பணித்தன்மையும் அடங்கிய முழுநகல் ஒன்று, அவை நீக்கிய குறுநகல் ஒன்று. எதை எவரிடம் காட்டுவது என்பது வீரரின் விருப்பம். அதற்கும் மேலாக, படையில் அவர் பெற்ற பயிற்சியையும் ஆற்றிய பணியையும் குடியியல் தொழில்களின் மொழியில் எடுத்துரைக்கும் சான்றாவணம் தனியே உண்டு. அதை அவர் நேர்காணலுக்குத் துணிந்து எடுத்துச் செல்லலாம்.

அத்தகைய ஆவணமே இங்கும் வேண்டும். எத்தனை பேரை மேற்பார்வையிட்டார், எந்த இயந்திரங்களைக் கையாண்டார், எவ்வகைப் பண்டகக் கணக்கை எத்தனை ஆண்டு பிழையின்றி வைத்திருந்தார், எப்பயிற்சியில் என்ன தரம் பெற்றார் என்பன நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு செய்யும் மறைபொருள்கள் அல்ல. ஆண்டறிக்கைகளிலிருந்து இவற்றைத் தொகுத்து, விலகும் நாளுக்கு ஆறு மாதம் முன்னரே வீரரிடம் காட்டி, அவர் மறுப்பைக் கேட்டுத் திருத்தி, தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டுத் தருவது ஆவணக் காப்பகங்களால் இயலாத செயலன்று. திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடியும் பூவிருந்தவல்லியும், 2018 முதல் சென்னை மாவட்டத்தில் அம்பத்தூரும் என இப்பகுதி இரு முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களுக்கு இடையே பிரிந்து கிடக்கிறது. அவ்விரு அலுவலகங்களும் சேர்ந்து, தொழிற்பேட்டை உற்பத்தியாளர்களை அழைத்து, இந்தச் சான்றைப் படிக்கும் முறையை அவர்களுக்கு விளக்கினால் பாதி வேலை முடிந்தது.

காலம் குறுகியது என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஜூன் 14இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் அணியினரின் நான்கு ஆண்டுப் பணிக்காலம், 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலுமாக நிறைவுறுகிறது. அவர்களுள் கூடியது 25 விழுக்காட்டினரே பணித்திறன் மதிப்பீட்டின் பேரில் படையில் நிலைநிறுத்தப்படுவர். ஏனையோர் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவை நிதியும் ஒரு திறன் சான்றிதழும் பெற்று, இருபதுகளின் வயதிலேயே ஊர் திரும்புவர். நால்வருள் ஒருவரே தேறினார் என்பதை முதலாளி அறிந்திருப்பார். எதிரே நிற்பவர் தேறாத மூவருள் ஒருவர் என்றே அவர் மனம் முதலில் கணக்கிடும். நூலிழையில் வாய்ப்பிழந்தவரும், கடையில் நின்றவரும் அவர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிவர். ஆகவே அச்சான்றிதழ் எல்லோர்க்கும் ஒரே வாசகத்தை அச்சிட்ட தாளாக அமைந்துவிடக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் அந்த இளைஞர் பெற்ற தரமும், கற்ற தொழிலும், அவரை நேரில் கண்காணித்த அதிகாரியின் பெயரிட்ட நற்சான்றும் அதில் இருத்தல் வேண்டும். பாதுகாப்பு அமைச்சகம் அப்படிவத்தை முதல் அணி வெளிவருமுன் பொதுவில் வைத்து, தொழில்துறையின் கருத்தையும் முன்னாள் படைவீரர் சங்கங்களின் கருத்தையும் கேட்டு முடிவுசெய்யட்டும்.