லு புய் பயறும் அட்டப்பாடித் துவரையும்

விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பியாச்சு. எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் பிரான்ஸ் கிராமத்துக் கதைதான். வாரச் சந்தை, பாலாடைக்கட்டி, தோட்டக்காரரே ஊற்றிக் கொடுத்த ஒயின், அப்புறம் லு புய் ஊர்ப் பச்சைப் பயறு. "எரிமலை மண்ணில் விளைஞ்சது சார், ருசியே தனி!" இருக்கட்டும். எனக்கும் அந்தச் சந்தைகள் பிடிக்கும், ஒயினும் பிடிக்கும். என் சண்டை அதோடு இல்லை.

அந்தப் பயறு நம்ம மைசூர்ப் பருப்பின் இனம்தான். வேறு ஊரில் விளைந்ததை லு புய் என்று சொல்லி விற்க முடியாதபடி 1996-ல் அதன் பெயருக்குக் காப்பு கொடுத்தார்கள். ஒயினுக்கு 1935-லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் விலை கூடுதல். நாமும் வாயை மூடிக்கொண்டு கொடுக்கிறோம். அங்கே ஒரு யூரோ குறைச்சுக்கோ என்று கேட்டவர் யாராவது உண்டா?

இப்போ கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி தாண்டி அகளிக்கு வாங்க. கேரளாதான், ஆனால் கடைத்தெருவில் தமிழ் தாராளமாகக் கேட்கும். அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. துவரை பருத்த மணி, வெள்ளைத் தோல். அவரை பேருக்கேத்த மாதிரி ஆட்டுக்கொம்பாக வளைந்து ஊதா நிறத்தில் இருக்கும். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவரும் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுகிறார்.

"அங்கே சட்டம் இருக்குங்க" என்பார்கள். இங்கேயும் 1999-ல் சட்டம் இயற்றி, 2003-ல் அமலுக்கு வந்தாச்சு. இல்லாதது வேறு. ஊர்ப்பெயருக்கு விலை கிடைக்க, விளைவிக்கிறவன் கையில் நிலம் இருக்கணும். இருளரும் முடுகரும் குறும்பரும் மலைச்சரிவில் ராகி, சாமை, தினை, துவரை என்று கலந்து விதைத்த நிலத்தில் பெரும்பகுதி குடியேறியவர்கள் கைக்குப் போய்விட்டது. மலையாளிகள் மட்டுமல்ல, நம்ம கொங்குநாட்டுக்காரர்களும்தான். பறிபோன நிலத்தை மீட்டுத்தர 1975-ல் கேரளம் சட்டம் போட்டது. 1999-ல் வந்த இன்னொரு சட்டம், 2 ஹெக்டேர் வரை போனது போனதுதான், பதிலுக்கு வேறு நிலம் தருகிறோம் என்றது. கடன் பத்திரம் பார்த்தே வயசான எனக்கு இது கணக்கு முடித்த மாதிரித் தெரியவில்லை, கணக்கைக் கிழித்த மாதிரித்தான் தெரிகிறது.

நிலம் போனதோடு தானியமும் போச்சு, ரேஷன் அரிசி வந்தது. 2013-ல் அந்த மலையில் பச்சைக் குழந்தைகள் அடுத்தடுத்துச் செத்தபோது, தாய்மாரின் ஊட்டச்சத்துக் குறைவு நாடு முழுக்கச் செய்தியானது. 2017-ல் அரசே சிறுதானிய கிராமம் என்று திட்டம் போட்டு ராகியையும் சாமையையும் திரும்ப விதைக்கச் சொன்னது. பரவாயில்லை, லேட்டாகவாவது!

ஒயின் பாட்டிலில் ஊர்ப்பேரும் தோட்டத்துப்பேரும் இருக்கும், காசு அந்த ஊருக்கே திரும்பும். ஆனைகட்டியில் விற்ற சரக்கு பாட்டிலில் எந்த ஊர்ப்பேர் இருந்தது? அட்டப்பாடியில் மதுக்கடை கிடையாது என்பதால் எல்லை தாண்டி டாஸ்மாக்குக்குப் போய்க் கூலிக்காசைக் கொட்டினார்கள். அந்தக் கடையை மூடச்சொல்லி 2016-ல் அட்டப்பாடிப் பெண்கள் எல்லை தாண்டி வந்து போராடினார்கள். "குடிகாரப் பயலுக" என்று அந்த ஆண்களைப் பேசுவதும் நாம்தான், போர்தோ எந்த வருஷத்தது என்று கண்ணை மூடி உறிஞ்சிச் சொல்வதும் நாம்தான்.