‘கலா’வும் அதைக் கேட்ட காதுகளும்

எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசத்தின் இரண்டாவது ஆல்பமான ‘கலா’ 2007 ஆகஸ்டில் வெளிவந்தது. பிரிட்டனில் எக்ஸ்.எல். ரெக்கார்டிங்ஸும் அமெரிக்காவில் இன்டர்ஸ்கோப்பும் அதை வெளியிட்டன. மொத்தம் பன்னிரண்டு பாடல்கள். ஆல்பத்தின் தலைப்பு பாடகியின் தாயின் பெயர். இதற்கு முன் 2005இல் வந்த ‘அருளர்’, தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கியிருந்தது. தந்தை ஈரோஸ் என்ற ஈழப் போராளி இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்; வீட்டில் அநேகமாக இல்லாதவர். தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு 1986இல் லண்டனுக்கு அகதியாகப் போய், தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர். முதல் ஆல்பம் அரசியலையும் இரண்டாவது அன்றாடப் பிழைப்பையும் பேசுகிறது என்று இதைச் சுருக்கிவிடலாம். ஆனால் ‘கலா’வின் கதை வீட்டுக்குள் மட்டும் நடந்ததல்ல. அதன் பாதியை எழுதியது அமெரிக்கக் குடிவரவுத் துறை.

மாதங்கி 1975இல் லண்டனின் ஹவுன்ஸ்லோவில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போய், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு போரின் நடுவிலிருந்து திரும்பி, தென் லண்டன் மிட்சமில் ஓர் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தார். படித்தது இசையல்ல, சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் கலையும் திரைப்படமும். ரோலண்ட் எம்.சி.505 என்ற தாளக் கருவி ஒன்று கைக்குக் கிடைத்த பிறகுதான் பாட்டுக் கட்டத் தொடங்கினார். ‘அருளர்’ பெரிதும் அந்தக் கருவியில் உருவானது. அது மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. அமெரிக்கப் பெருநிறுவனங்கள் தேடி வந்தன. அடுத்த ஆல்பத்தை அன்று உச்சத்தில் இருந்த தயாரிப்பாளர் டிம்பலாண்டுடன் அமெரிக்காவில் முடிப்பது என்று திட்டம். நியூயார்க்கின் புரூக்ளினில் வீடும் பார்த்தாயிற்று. 2006இல் விசா மறுக்கப்பட்டது.

திட்டப்படி நடந்திருந்தால் டிம்பலாண்டின் முத்திரை பதிந்த இன்னொரு ஆல்பம் வந்திருக்கும். அது எப்படி இருந்திருக்கும் என்பதற்குக் ‘கலா’வின் கடைசிப் பாட்டான ‘கம் அரவுண்ட்’ சாட்சி. டிம்பலாண்டுடன் சேர்ந்து செய்த ஒரே பாட்டு அதுதான். பன்னிரண்டில் மிகச் சாதாரணமானதும் அதுதான். கதவு மூடியதால் பாடகி வேறு ஊர்களுக்குப் போனார்: சென்னை, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா. உடன் வேலை செய்தவர்களில் முதன்மையானவர் ஸ்விட்ச் என்று அறியப்படும் லண்டன் தயாரிப்பாளர் டேவ் டெய்லர்.

சென்னைக்கு வந்தது ஏ.ஆர். ரஹ்மானைச் சந்திக்க. ரஹ்மான் கலைஞர்களின் தொடர்புகளைக் கொடுத்து, ஏ.எம். ஸ்டூடியோவையும் திறந்துவிட்டார். அங்கே இருபதுக்கும் மேற்பட்ட தோற்கருவிக் கலைஞர்களின் அடி பதிவானது. ஆல்பத்தின் முதுகெலும்பு இந்தப் பதிவுதான். அதில் ஒலிக்கும் உறுமி, இடை சிறுத்த இருமுகக் கருவி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க எழும் முனகலும் மறுமுகத்தில் விழும் அடியும் சேர்ந்ததே அதன் தாளம். நையாண்டி மேளத்தில், கோயில் கொடையில், சாமியாட்டத்தில், சாவு ஊர்வலத்தில் ஒலிப்பது. சபா மேடைக்குள் நுழைய விடாமல் சாதி நிறுத்தி வைத்திருந்த ஒலிகளில் ஒன்று. தமிழ்த் திரையிசை அதை அவ்வப்போது குத்துப்பாட்டுக்கு அழைத்துக்கொள்ளும். பாட்டு முடிந்ததும் அனுப்பிவிடும். ‘கலா’வில் அது விருந்தாளியாக வரவில்லை. லண்டன் நடனக்கூடங்களின் இசையில் எந்திரத் தாளம் நிற்கும் இடத்தில் உறுமி நிற்கிறது.

‘பேர்ட் ஃப்ளூ’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் மெட்டு என்று சொல்லத்தக்கது அநேகமாக ஒன்றுமில்லை. மேளம், கோழிக் கொக்கரிப்பு, சிறுவர்களின் கூச்சல், அவற்றின்மேல் ஏறி நின்று ஒட்டாத குரலில் பேசும் பெண். 2003இல் வந்த ‘ஜெயம்’ படத்துக்கு ஆர்.பி. பட்நாயக் அமைத்த திருவிழாப் பாட்டொன்றிலிருந்து எடுத்த துண்டும் உள்ளே ஓடுகிறது. முதல் பாட்டான ‘பாம்பூ பாங்கா’ இன்னும் துணிச்சலானது. அமெரிக்க ராக் பாடகர் ஜோனதன் ரிச்மனின் நெடுஞ்சாலைப் பாட்டுக்குக் கைகாட்டியபடி தொடங்கி, ‘தளபதி’ (1991) படத்துக்கு இளையராஜா இசையமைத்த ‘காட்டுக்குயிலு’ பாட்டின் துண்டை எடுத்துச் சுழற்சியில் விடுகிறது. ரஜினியும் மம்மூட்டியும் தோழர்களாக ஆடும் போகிக் கொண்டாட்டப் பாட்டு அது. எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் யேசுதாஸும் பாடியது. அதைத் தேர்ந்தது உலக இசைப் பட்டியலைப் புரட்டிப் பார்த்த வெளியாளின் கையல்ல. புலம்பெயர்ந்த தமிழ் வீடுகளில் ஒலிநாடாவும் வீடியோவும் ஓடிய காலத்தில் வளர்ந்த பிள்ளையின் கை.

‘ஜிம்மி’யும் அந்த வகைதான். 1982இல் வந்த ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்தில் பப்பி லாஹிரி இசையில் பார்வதி கான் பாடிய பாட்டின் மறுவடிவம் அது. சிறுவயது விருந்துகளில் ஆடிய பாட்டு. மெட்டு இனிப்பானது. அதற்குள் வைக்கப்பட்ட வரிகள் வேறு: இனப்படுகொலை நடந்த நாடுகளைச் சுற்றிப் பார்க்கப் பெண்ணை அழைக்கும் ஓர் ஆளைப் பற்றியவை. இந்தக் கசப்பை எத்தனை நடனக்கூடங்கள் கவனித்தன என்பது வேறு கேள்வி.

மற்ற ஊர்களின் பங்கு சமமானதல்ல. டிரினிடாடின் சோக்கா வேகம் ‘பாய்ஸ்’ பாட்டில் சென்னை மேளத்தோடு ஒட்டி நிற்கிறது. அதன் காணொளி ஜமைக்காவில் எடுக்கப்பட்டது. ‘ஹஸல்’ பாட்டில் நைஜீரிய வழிவந்த லண்டன் ராப்பர் ஆஃப்ரிக்கன் பாய், காகிதமில்லாதவன் பிழைப்பு நடத்தும் விதத்தைச் சிரிப்போடு சொல்கிறார். ‘மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்’ ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களான வில்கேனியா மாப் குழுவினர் முன்பே பாடிய ஆற்றுப் பாட்டின் மீட்டுருவம். டிஜெரிடூ முழக்கம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் எம்.ஐ.ஏ. அதில் சேர்த்தது குறைவு. ‘20 டாலர்’ லைபீரியப் பயணத்தின் விளைவு. அங்கே முன்னாள் குழந்தைப் போராளிகளைச் சந்தித்திருந்தார். பாட்டில் நியூ ஆர்டர் குழுவின் எண்பதுகளின் நடன ஒலி கரகரத்து வருகிறது. பால்டிமோர் நகரின் பிளாக்ஸ்டார் செய்த ‘தி டர்ன்’ சோர்வாக நடக்கிறது. ஆல்பத்தின் நடுப்பகுதி தளர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ராப் என்ற கலையின் அளவுகோலில் எம்.ஐ.ஏ. பெரிய வித்தைக்காரர் அல்ல. மூச்சு விடாமல் எதுகை அடுக்குவது, ஒரு கதையை அறுபத்து நாலு அடியில் நடத்திக் காட்டுவது எல்லாம் அவர் வழியல்ல. சின்னச் சின்னத் துண்டுகளாக, முழக்கம் போல, சில இடங்களில் சிறுமியர் கைதட்டி விளையாடும் பாட்டுப் போலச் சொல்கிறார். ராப்பை மட்டும் கேட்க வந்த விமர்சகர்களுக்கு இது குறையாகவே பட்டது. அந்தக் குறை உண்மையானது. ஆனால் இந்த ஆல்பத்தில் குரல் தலைவனாக நிற்கவில்லை. மேளத்துக்குள் ஒரு மேளமாக நிற்கிறது. வித்தை காட்டும் நாக்கு இங்கே இடைஞ்சலாக இருந்திருக்கும்.

பதினோராவது பாட்டான ‘பேப்பர் பிளேன்ஸ்’ தனிக்கதை. தி கிளாஷ் குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ (1982) பாட்டின் கித்தார் இழையின்மேல் அது கட்டப்பட்டது. முதன்மைத் தயாரிப்பாளர் டிப்ளோ. மூலப்பாட்டே பிரிட்டனில் வேண்டாதவர்களாக ஆக்கப்பட்ட குடியேறிகளையும், வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன குழந்தைகளையும் பற்றியது. பொருத்தம் தற்செயலானதல்ல. எம்.ஐ.ஏ.யின் பாட்டில் போலி விசாக் காகிதம் செய்பவள் பேசுகிறாள். குடியேறி என்றால் கொள்ளையடிக்க வந்தவன் என்று நினைப்பவர்களின் பயத்தை அவள் அப்படியே எடுத்து நடித்துக் காட்டுகிறாள். பல்லவியில் குழந்தைகள் பாட, அவர்களின் சொற்களுக்கு நடுவே துப்பாக்கி வேட்டும் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் விழுகின்றன. எம்.டி.வி. அந்த வேட்டுச் சத்தத்தை மாற்றி ஒலிபரப்பியது. அமெரிக்கத் திரைப்படங்களிலும் ராப் பாட்டுகளிலும் நாள்தோறும் வெடிக்கும் துப்பாக்கி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெண்ணின் பாட்டில் மட்டும் காதைக் குத்தியிருக்கிறது.

ஆல்பம் வந்த உடனேயே விமர்சகர்கள் கொண்டாடினார்கள். பல இதழ்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் அதற்கு நூற்றுக்கு 87 கணக்கிட்டது. 2007இன் தலைசிறந்த ஆல்பமாக ‘ரோலிங் ஸ்டோன்’ அதையே தேர்ந்தது. சந்தை அந்த வேகத்தில் வரவில்லை. அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 18ஆம் இடம், பிரிட்டனில் 39. பிறகு 2008 கோடையில் ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’ என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் ‘பேப்பர் பிளேன்ஸ்’ ஒலித்தது. ஓராண்டுப் பழைய பாட்டு அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் 4ஆம் இடம்வரை ஏறியது. அதே ஆண்டு ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் அது இடம்பெற்றது. அந்தப் படத்துக்காக ரஹ்மானுடன் சேர்ந்து செய்த ‘ஓ... சாயா’ ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. 2009 பிப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாக எம்.ஐ.ஏ. கிராமி மேடையில் ஜே-ஸி, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. ஆகியோருடன் பாடினார், அவர்களின் ‘ஸ்வாக்கா லைக் அஸ்’ பாட்டு ‘பேப்பர் பிளேன்ஸ்’ வரியொன்றை அடித்தளமாகக் கொண்டது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பரிந்துரைக்கப்பட்டிருந்த ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி மட்டும் வேறு கைக்குப் போனது.

வரவேற்பு இவ்வளவு தாராளமாக இருந்தும் அதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்றை எம்.ஐ.ஏ.வே சுட்டிக்காட்டினார். 2007இல் ‘பிட்ச்ஃபோர்க்’ இதழுக்கு அளித்த நேர்காணலில், ‘அருளர்’ ஆல்பத்தில் டிப்ளோவின் பங்கு சிறியது என்றும், ஆனாலும் பத்திரிகைகள் தன் இசை முழுவதையும் அவர் கணக்கில் எழுதுகின்றன என்றும் கடுமையாகச் சொன்னார். பெண் ஒருத்தி ஒலியைத் தானே கட்டினாள் என்பதை ஏற்பதைவிட, பின்னால் ஓர் ஆண் இருந்தான் என்று நம்புவது இசைப் பத்திரிகைகளுக்கு எளிதாக இருந்தது. பின்னர், ஐஸ்லாந்துப் பாடகி பியார்க் தனக்கு நேர்ந்த இதே அநீதியைப் பேசும்போது எம்.ஐ.ஏ.யையும் சேர்த்தே சொன்னார்.

இரண்டாவது ஓட்டை தமிழர்களுக்கு நெருக்கமானது. மேற்கத்திய மதிப்புரைகள் பலவும் இந்த ஒலியை ‘மூன்றாம் உலகக் கதம்பம்’ என்ற பொதுப்பெயரில் அடைத்தன. கிளாஷ் குழுவின் துண்டு எங்கே வருகிறது, நியூ ஆர்டர் எங்கே வருகிறது என்று நுணுக்கமாகக் கண்டு சொன்னவர்கள், உறுமியை ‘இந்திய மேளம்’ என்று கடந்து போனார்கள். கிளாஷ் உறுப்பினர்கள் நால்வரும் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டின் இணை ஆசிரியர்களாகப் பெயரோடு இருக்கிறார்கள்; அது நியாயம். சென்னையில் அடித்தவர்கள் குழுப்பெயருக்குள் இருக்கிறார்கள். பொறுப்பு விமர்சகர்களோடு நிற்கவில்லை, பாடகிக்கும் அதில் பங்குண்டு. அகதியின் அனுபவத்தைப் பாடுபவர் எந்த ஊர் ஒலியையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இந்த ஆல்பத்தில் கேள்விக்கு உட்படுவதில்லை. எடுத்த ஒலியைப் பதுக்காமல் முன்னே வைத்தார் என்பது அவர் பக்கத்து வாதம். அது வலுவானதுதான், முழுமையானதல்ல.

அரசியல் விமர்சனமும் வந்தது. தந்தை இருந்தது ஈரோஸில் என்றாலும், பல மேற்கத்தியச் செய்திகள் அவரைப் புலி என்றே எழுதின. அமெரிக்காவில் வாழும் இலங்கை ராப்பர் ஒருவர் 2008இல் ‘பேப்பர் பிளேன்ஸ்’ இசைமீதே எதிர்ப்பாட்டு அமைத்து, எம்.ஐ.ஏ. பயங்கரவாதத்தை ஆதரிப்பதாகக் குற்றம் சாட்டினார். வன்னியில் போர் இறுதிக்கட்டத்தை எட்டிய 2009 தொடக்கத்தில், ‘கலா’ தந்த புகழைக் கொண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தமிழர் கொல்லப்படுவதைப் பேசினார். அந்த மாதங்களில் அமெரிக்கப் பொதுமக்கள் அறிந்த தமிழ் முகங்களில் அவர் முகம் போல் பரவலாகத் தெரிந்தது வேறில்லை. அந்தப் பேச்சின் கருத்துகளோடு யாரும் வேறுபடலாம். பாட்டில் துப்பாக்கிச் சத்தத்தை ரசித்தவர்கள், உண்மையான துப்பாக்கியைப் பற்றிப் பேசியபோது முகம் சுளித்தார்கள் என்பதும் பதிவாக வேண்டும்.

‘ரோலிங் ஸ்டோன்’ 2012இல் திருத்திய எக்காலத்துக்கும் சிறந்த 500 ஆல்பங்களின் பட்டியலில் ‘கலா’ 393ஆம் இடத்தில் இருந்தது. 2020இல் புதிதாக வாக்கெடுத்துச் செய்த பட்டியலில் அது இல்லை. 421ஆம் இடத்தில் ‘அருளர்’ இருக்கிறது. வாக்களித்தவர்கள் தந்தையின் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்கும் எவருக்கும், தளர்ந்த நடுப்பகுதியோடும் கூடத் தாயின் ஆல்பமே பெரியது.