கண்ணாடி மூடி

ஆசிரியருக்கு,

கியூபா பயணக் கட்டுரையைப் படித்தேன். ஹவானா தெருவில் 'மலிவாக' சுருட்டு வாங்கியதைக் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருக்கிறார். வயிற்றெரிச்சலோடு இதை எழுதுகிறேன்.

என் நண்பரும் அங்கிருந்து ஒரு கொஹிபா சுருட்டுப் பெட்டி கொண்டுவந்தார். சுருட்டாலையில் வேலை பார்ப்பவரே பாதி விலைக்குக் கொடுத்தாராம். பெட்டி மூடியில் கண்ணாடி. பார்த்ததுமே புரிந்துவிட்டது, அசல் கொஹிபா கண்ணாடி மூடியோடு வருவதில்லை. சுருட்டைச் சுற்றிய பட்டையில் வரிசையாக நிற்கவேண்டிய வெள்ளைக் கட்டங்கள் கோணிக்கொண்டு, மேல்வரிசை பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. 1912-இல் கியூபாவில் சட்டம் போட்டுக் கொண்டுவந்த பச்சை உத்தரவாதச் சீட்டு மட்டும் ஜோராக ஒட்டியிருந்தது. அதை அச்சடிப்பதா கஷ்டம்?

எப்படிச் சொல்வது? இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கொடுக்கப்போகிறேன் என்று அவர் சொன்னதும் உண்மையைச் சொல்லிவிட்டேன். நம்பவில்லை. ஒன்றைக் கத்தியால் நீளவாக்கில் கீறினோம். முழுநீள இலைகள் இருக்கவேண்டிய இடத்தில் பொடியும் காம்பும் கொட்டின.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "உறையூர்ச் சுருட்டே வாங்கியிருக்கலாம்" என்றார்.

– ஒரு வாசகர், திருச்சி