வலையமைப்பைக் கற்கக் காகிதமும் பென்சிலும் போதும்



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் காலை வேளையை நீங்கள் நன்கு அறிவீர்கள். அக்காளின் பதிவெண்ணைக் கைப்பேசியில் தட்டிவிட்டு வீடே காத்திருக்கும். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும். 'நெட் ஸ்லோ' என்பார் மாமா. உடனே மறுபடியும் தட்டுவார்கள். பிறகு இன்னொரு முறை.

அந்த நேரத்தில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். முடிவைப் பார்க்க விரும்புவோர் 8 லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். எல்லோரும் நாள் முழுவதும் ஒரே சீராகப் பிரிந்து வந்தால் நொடிக்கு 9 பேர்தான். இது மிக எளிய வேலை. ஆனால் அப்படி யார் வருகிறார்கள்? எல்லோரும் முதல் 10 நிமிடத்திலேயே வந்தால் நொடிக்கு 1,333 பேர்! ஆள் எண்ணிக்கை மாறவில்லை. வேலை மட்டும் ஏறத்தாழ 150 மடங்கு ஆகிவிட்டது. அதனால்தான் தேர்வு முடிவை ஒரே இணையதளத்தில் மட்டும் வெளியிடாமல் பல தளங்களிலும், குறுஞ்செய்தி வழியாகவும் அனுப்புகிறார்கள். ஒரு வாசலில் கூட்டம் முட்டினால் இன்னொரு வாசலைத் திறப்பது போலத்தான் இது.

இந்தக் கணக்கைப் போட்டவுடனேயே நீங்கள் கணிப்பொறி வலையமைப்பின் போக்குவரத்தை ஆராயத் தொடங்கிவிட்டீர்கள். இதற்குக் கணிப்பொறியே தேவைப்படவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலையமைப்பை வடிவமைப்பதும் அதன் போக்குவரத்தை அளப்பதும் பொறியியல் கல்லூரிக்கு ஒத்திப்போட வேண்டிய பாடங்கள் அல்ல. ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த எவரும் இவற்றைத் தொடங்கலாம், தொடங்க வேண்டும். ஆனால் இன்று பல இடங்களில் தொடங்கும் விதம் சரியில்லை. ஒரு பள்ளியில் மாணவர் ஒருவர் 'நட்சத்திர வடிவ வலை' என்று கரும்பலகையில் அழகாக வரைந்தார். இலக்கணத்தையும் பிழையில்லாமல் ஒப்பித்தார். "நடுவில் இருக்கும் சுவிட்சுக்கு மின்சாரம் நின்றுவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். விழித்தார். அவர் மேல் குற்றமில்லை. அவருக்குப் பெயரைக் கற்றுக்கொடுத்தோம், பொருளைக் கற்றுக்கொடுக்கவில்லை.

பொருளைக் கற்க எங்கே போவது? புதுக்கோட்டைக்காரர்களுக்குப் பேருந்து நிலையமும் கண்மாயும் போதும்.

ஒரு டிக்கெட் கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவர் ஓர் ஆளைச் சராசரியாக 1 நிமிடத்தில் அனுப்புகிறார், அதாவது மணிக்கு 60 பேர். மணிக்கு 30 பேர் வந்தால் ஒருவர் வந்து நின்று, வேலை முடிந்து வெளியேறச் சராசரியாக 2 நிமிடம் ஆகும். 45 பேர் வந்தால் 4 நிமிடம். 54 பேர் வந்தால்? 5 அல்லது 6 என்று சொல்லத் தோன்றும். விடை 10 நிமிடம். 57 பேருக்கு 20 நிமிடம். 59 பேருக்கு 60 நிமிடம்! சூத்திரம் மிக எளிது: 60-லிருந்து வருவோர் எண்ணிக்கையைக் கழியுங்கள், கிடைக்கும் எண்ணால் 60 நிமிடத்தை வகுங்கள். ஆட்கள் முன்கூட்டிச் சொல்ல முடியாத நேரங்களில் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் அவ்வாறே கூடியும் குறைந்தும் இருக்கிறது என்ற நிபந்தனைக்கு இது பொருந்தும்.

வேலை செய்பவருக்கு மணிக்கு ஒரு நிமிடம் ஓய்வு இருந்தும் வரிசை ஏன் இவ்வளவு நீள்கிறது? யாரும் வராமல் காலியாகக் கழிந்த நிமிடத்தைச் சேமித்து வைத்து, கூட்டம் வரும்போது எடுத்துச் செலவழிக்க முடியாது. இழந்தது இழந்ததுதான். இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்துவிட்டால் வலையமைப்புப் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி. ஒரு வடம் 90 சதவீதம் நிரம்பி ஓடுகிறது என்றால், 'இன்னும் 10 சதவீதம் மிச்சம் இருக்கிறதே' என்று கணக்கர் மகிழலாம். பொறியாளர் கவலைப்படுவார்.

இந்த வழியில் முதலில் சிந்தித்தவர்களில் ஒருவர் டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எத்தனை இணைப்புகள் வைத்தால் சந்தாதாரர்கள் அதிகம் காத்திருக்க வேண்டியிருக்காது என்ற கேள்விக்கு விடை தேடி, 1909-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அன்று கணிப்பொறி என்று ஒன்று இல்லவே இல்லை. இன்றும் தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகு அவர் பெயரால்தான் வழங்குகிறது. 'எங்கள் பள்ளியில் போதிய கணிப்பொறிகள் இல்லையே' என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் எர்லாங்தான்.

இனிக் கண்மாய்க்கு வருவோம். கணிப்பொறிகள் ஒரு செய்தியை முழுசாக அனுப்புவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி அனுப்புகின்றன. வழியில் இருக்கும் ரௌட்டர் என்னும் கருவி அவற்றை வாங்கி, முகவரி பார்த்து, அடுத்த இடத்துக்குத் தள்ளுகிறது. ஒரே சமயத்தில் நிறைய வந்துவிட்டால் சிறிது நேரம் தேக்கி வைத்துக்கொள்கிறது. வரத்து வாய்க்காலில் நீர் வருகிறது, மடை வழியாக வெளியேறுகிறது, இடையில் கண்மாய் தேக்கி வைக்கிறது. அதே வேலைதான். மழை ஒரே இரவில் கொட்டிவிட்டால் கவிநாடு கண்மாயானாலும் கலிங்கு வழியத்தான் செய்யும்.

ஆனால் உவமையை இங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். கலிங்கில் வழிந்த நீர் வீணாவதில்லை. கீழே உள்ள அடுத்த கண்மாயை நிரப்பும். நம் முன்னோர் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கண்மாய்களை அமைத்ததே அதற்காகத்தான். ரௌட்டரில் வழிந்த பொட்டலமோ தொலைந்தே போகிறது. அனுப்பியவர் அதை மறுபடியும் அனுப்ப வேண்டும். அங்கேதான் வம்பு பிறக்கிறது.

1986 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். பெர்க்லியில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் 400 கஜம். வடம் நொடிக்கு 32,000 பிட் கொண்டுசெல்லக்கூடியது. ஒரு நாள் அது நொடிக்கு 40 பிட்டாக வீழ்ந்தது. எண்ணூறில் ஒரு பங்கு! நடந்து போய்க் கையில் கொடுத்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். எந்த வடமும் அறுந்துவிடவில்லை. பொட்டலங்கள் நெரிசலில் தாமதமாயின; கணிப்பொறிகள் அவை தொலைந்துவிட்டன என்றெண்ணி மறுபடி அனுப்பின; அதனால் நெரிசல் இன்னும் கூடியது. தேர்வு முடிவு நாளில் மாமா திரும்பத் திரும்பத் தட்டினாரே, அதே கதைதான்.

வான் ஜேக்கப்சன் என்பவர் இதை ஆராய்ந்து 1988-ல் ஒரு தீர்வை வெளியிட்டார். முதலில் ஒரு பொட்டலம் அனுப்பு. பதில் வந்தால் இரண்டு அனுப்பு, பிறகு நான்கு. ஏதேனும் தொலைந்ததாகத் தெரிந்தால் வேகத்தைச் சட்டென்று குறைத்துக்கொள். சாலையின் நிலையை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. தொலைந்த பொட்டலமே செய்தி சொல்லிவிடுகிறது. இத்தனை கோடிப் பேர் ஒரே இணையத்தைப் பங்கிட்டுக்கொள்ள முடிவதற்கு இந்த அடக்கம் ஒரு முக்கியக் காரணம். நெரிசலைப் பற்றி நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

போக்குவரத்தைப் பற்றி இவ்வளவு போதும். வடிவமைப்பைப் பார்ப்போம். இதில் நம் மாவட்டத்துக்குச் சொந்த அனுபவமே உண்டு.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. 13 ஊர்களையும் வடத்தால் இணைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் கிளைகளைப் போல இணைத்தால் 12 இணைப்புகள் போதும். ஒவ்வோர் ஊரையும் மற்ற எல்லா ஊர்களோடும் நேராக இணைத்தால் 78 இணைப்புகள் வேண்டும் (13-ஐ 12-ஆல் பெருக்கிப் பாதியாக்குங்கள்). வளையமாக இணைத்தால் 13. மரத்தைவிட ஒன்றே ஒன்றுதான் கூடுதல்! ஆனால் வேறுபாடு பெரிது. மரத்தில் எந்த இணைப்பு அறுந்தாலும் சில ஊர்கள் துண்டிக்கப்படும். வளையத்தில் ஏதாவது ஓர் இணைப்பு அறுந்தால் செய்தி மறுபக்கமாகச் சுற்றிவந்து சேர்ந்துவிடும். புதுக்கோட்டை நகரத்தில் ராஜ வீதியில் தேர் நின்றால் இரண்டாம் வீதியில் புகுந்து போய்விடுகிறோம். ஒரே பாதை உள்ள கிராமத்தில் தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடினால் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

1960-களில் அமெரிக்காவின் பால் பாரன் ஆராய்ந்த கேள்வியும் இதுதான்: பல முனைகள் அழிந்த பிறகும் மிஞ்சியவை ஒன்றோடொன்று பேச முடியுமா? அவருக்குப் போர் பற்றிய அச்சம். நமக்குப் புயல்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்து, நம் மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. தென்னையும் மின்கம்பமும் ஒன்றாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் நாட்கணக்கில் மின்சாரமும் இல்லை, கைப்பேசியும் பேசவில்லை. வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்கு வீட்டார் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாத நாட்கள் அவை. உங்களில் பலருக்கு அது நினைவில் இருக்கலாம். இல்லாவிட்டால் வீட்டில் கேளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காகிதத்தில் வட்டமாக வரைந்துவிட்டால் அது வளையம் ஆகிவிடாது. வடத்தின் இரு கைகளும் ஒரே கம்ப வரிசையில் தொங்கினால், கம்பம் சாயும்போது இரண்டும் சேர்ந்தே அறும். 2008 ஜனவரி 30-ல் எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலடியில் இரண்டு பெரிய வடங்கள் அறுபட்டன. இரண்டு தனித்தனி வடங்கள்தான். ஆனால் போனது ஒரே கடல்வழி. இந்தியாவில் இணையம் தள்ளாடியது. இன்று தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வடம் கொண்டுசெல்லும் திட்டம் நடைபெறுகிறது. மிக நல்ல திட்டம். வடத்தின் பெரும்பகுதி கம்பங்களின் மேலே செல்வதால் செலவு குறைகிறது, வேலையும் விரைவாக முடிகிறது. ஆயினும் 'எங்கள் ஊருக்கு வடம் வந்துவிட்டதா?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'இரண்டாவது வழி எது? அது எந்தக் கம்பங்களில் போகிறது?' என்று கிராம சபையில் எழுந்து கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் கல்லூரிக்குப் போனவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

உங்கள் பள்ளியில் இணைய இணைப்புள்ள கணிப்பொறி இருந்தால் ஆசிரியரின் அனுமதியோடு இதைச் செய்யுங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். புதுக்கோட்டையிலிருந்து சென்னை ஏறக்குறைய 400 கிலோமீட்டர். போக 2 மில்லிநொடி, வர 2 மில்லிநொடி, ஆக 4. இப்போது 'பிங்' என்ற கட்டளையால், சென்னையில் இருப்பதாக உங்களுக்குத் தெரிந்த ஒரு கணிப்பொறிக்குப் போய்வரும் நேரத்தை அளந்து பாருங்கள். 40 மில்லிநொடி வந்தால் மீதி 36 எங்கே போயிற்று? சுற்றுவழியா, வரிசையில் காத்திருந்ததா? காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ஒரு வாரம் அளந்து, வரைபடத் தாளில் குறியுங்கள். வழி அதேதான் என்றால், நேரத்துக்கு நேரம் மாறும் பகுதி பெரும்பாலும் வரிசையில் காத்திருந்ததாக இருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போக்குவரத்தை ஆராய்வதற்கு இன்னொரு முகம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில், எதிரியின் செய்தியைப் படிக்க முடியாதபோதும், யார் யாருக்கு எப்போது எத்தனை முறை செய்தி அனுப்புகிறார்கள் என்பதைக் கொண்டே படைகளின் அமைப்பை ஊகித்தார்கள். உறையைப் பிரிக்காமலே கடிதத்தைப் படிப்பது போன்ற வித்தை இது. உங்கள் கைப்பேசியும் நாள் முழுதும் இத்தகைய உறைகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அளக்கத் தெரிந்தவருக்குத்தான், தாம் அளக்கப்படுவதும் தெரியும்.

கடைசியாக ஒரு வேலை. மாவட்ட வரைபடத்தில் மணமேல்குடியைத் தேடுங்கள். அறந்தாங்கியிலிருந்து அங்கே ஒரு வடம் போகிறது என்று வைத்துக்கொண்டு, இரண்டாவது வழி ஒன்றை வரையுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இறங்கி, கோட்டைப்பட்டினம், மீமிசல் போய், அங்கிருந்து ஆவுடையார்கோவில் வழியாக அறந்தாங்கிக்குத் திரும்பலாம். அருமையான வளையம். ஆனால் அதன் ஒரு பக்கம் முழுவதும் கடலை ஒட்டியே போகிறது. புயல் வரும் பக்கமும் அதுதான். அறந்தாங்கியில் விளக்கு அணைந்தாலோ, இரண்டு வழியும் சேர்ந்தே போய்விடும். மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் எப்படி வரைவீர்கள்?