மட்டும் மாண்பும்

பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் ஆறுகள் மூன்றும் ஒன்றுகூடும் இடம் திருமுக்கூடல். காஞ்சிபுரத்தை அடுத்து, வாலாசாபாத்திற்கு அண்மையில் உள்ள இச்சிற்றூரில் வேங்கடேசப் பெருமாள் கோயில் விளங்குகின்றது. அக்கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. 1063 முதல் 1070 வரை ஆட்சி புரிந்த அம்மன்னன் காலத்தில் ஒரு கல்விச்சாலையும், மாணவர் உறையும் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் அங்கு இருந்தன என்பதை அக்கல்வெட்டு அறிவிக்கின்றது. மாணவர்க்கு உணவளித்த அளவில் அறவோர் நின்றுவிடவில்லை. படுத்துறங்கப் பாயும், இரவில் விளக்கெரிக்க எண்ணெயும், சனிக்கிழமைகளில் தலை முழுக எண்ணெயும் அளந்து கொடுத்தனர். கற்பவனுக்கு உறக்கமும் ஓய்வும் வேண்டும் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர் போலும்!

இன்று விளக்குக்கு எண்ணெய் அளக்க வேண்டுவதில்லை. கைபேசியின் ஒளி இரவு முழுவதும் அணையாது. உலகின் எம்மூலையில் உள்ளாரோடும் எந்நேரமும் உரையாடலாம். இணையத்தில் ஒத்த கருத்துடையோர் குழுமங்களாகக் கூடுகின்றனர், கற்கின்றனர், கற்பிக்கின்றனர். இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயின், பலர் கூடும் இடத்தில் விதி வேண்டும். விதியைக் காப்பவரும் வேண்டும். அவரைத் தமிழர் 'மட்டுறுத்துநர்' என அழைக்கின்றனர். மட்டு என்பது அளவு. பிறர் சொல்லுக்கு அளவு வகுப்பவர் மட்டுறுத்துநர். தன் பொழுதுக்குத் தானே அளவு வகுத்துக்கொள்ளல் ஒவ்வொருவர் கடன். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிக்க இயலும் என்பது எண்ணத்தக்கது.

தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2003ஆம் ஆண்டு தொடங்கிய இக்கலைக்களஞ்சியத்தில் இன்று ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. இவற்றை எழுதியவர் ஊதியம் கருதாத தன்னார்வலர். அவருள் சிலரை ஏனையோர் நிர்வாகிகளாகத் தெரிந்தெடுக்கின்றனர். தகாத பக்கத்தை நீக்குதல், விதி மீறுபவரைத் தடை செய்தல் ஆகியன அவர்தம் பணிகள். புதியவர் ஒருவர் பல மணி நேரம் உழைத்து ஒரு கட்டுரை எழுதுகின்றார் என வைத்துக்கொள்க. சான்று இல்லை என்று அது நீக்கப்படுகின்றது. அவர் மனம் நோகின்றது. மீண்டும் இடுகின்றார், மீண்டும் நீக்கப்படுகின்றது. சினம் மூண்டு சொற்போர் புரிகின்றார், தடை விழுகின்றது. வேறு பெயர் புனைந்து மறுபடியும் நுழைகின்றார். விடியும் வரை பூசல் நீள்கின்றது. மறுநாள் பணியும் கெடுகின்றது, உடலும் கெடுகின்றது.

இதனைக் கண்டு, விதியே கூடாது என்பார் உளர். அவர் கூற்று பொருந்தாது. விதியற்ற மன்றத்தில் உரத்த குரலே வெல்லும். மெல்லியோர் வாய் திறவார். பொய் மெய்யாக உலவும். ஆயின், காவலர் செய்வதெல்லாம் நேர் என்பதும் பொருந்தாது. காரணம் கூறாமல் ஒருவரை நீக்குதலும், தம்மை மறுத்தார் என்பதற்காக ஒறுத்தலும் கொடுங்கோன்மையே ஆகும். ஆளுவோர் குடிகள் அஞ்சத்தக்கன செய்யலாகாது என்பதற்கென்றே திருவள்ளுவர் 'வெருவந்த செய்யாமை' என ஓர் அதிகாரம் வகுத்தார் அன்றோ?

காவலர்க்கும் மட்டு உண்டு என்பதைத் திருமுக்கூடலுக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் தெளிவுறக் காட்டுகின்றன. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவ்வூர்ச் சபையார் வாரியத் தேர்தலுக்கு விதிகள் வகுத்துக் கல்லில் பொறித்தனர். 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியாக உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். பதவிக் காலம் 360 நாள். முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் அப்பதவிக்கு வருதல் இயலாது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். அச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணர்க்கே உரியதாக இருந்தது. அக்குறை இன்று ஏற்கத் தக்கதன்று. எனினும், விதி யாவரும் காணப் பொறிக்கப்பட வேண்டும், பதவி குறித்த காலத்தில் முடிய வேண்டும், செய்த செயலுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் மூன்றும் எக்காலத்திற்கும் ஏற்றவை.

இம்மூன்றோடு இணையக் குழுமத்திற்கு நான்காவது ஒன்றும் இன்றியமையாதது. அது முறையீட்டு வாயில். தடை செய்யப்பெற்றவர் தம் பக்கத்து நியாயத்தைக் கூற இடம் வேண்டும். தடை விதித்தவர் அல்லாத வேறொருவர் அதனைக் கேட்டு முடிவு கூற வேண்டும். இந்நான்கும் அமைந்த குழுமத்தில் விதி எத்துணைக் கடுமையாயினும் தாங்கலாம். இவை இல்லாத இடத்தில் மென்மையான விதியும் துன்பமே தரும்.

இனி, உறுப்பினர் கடன் யாது? சிறு தடையும் சிலர்க்கு நாடு கடத்தப்பட்டாற்போல் ஏன் தோன்றுகின்றது? அவர் நட்பும் பெருமையும் பொழுதுபோக்கும் அவ்வோரிடத்திலேயே குடிகொண்டமையால் அன்றோ? வீட்டாரோடு பேசுபவருக்கும், மாலையில் ஆடுகளத்திற்குச் செல்பவருக்கும் அத்தடை ஒரு வார ஓய்வாகவே தோன்றும். காவலர் நிலையும் இத்தகையதே. உறக்கமின்றி இரவெல்லாம் திரை முன் அமர்ந்திருப்பவர் சிறு பிழையையும் பெருங்குற்றமாகக் காண்பார். ஆதலின் மிகுபயன்பாடும் கடுந்தடையும் தனித்தனி நோய்கள் அல்ல. ஒன்று மற்றொன்றை வளர்க்கின்றது.

மிகுபயன்பாடு நோயாகவும் முற்றக்கூடும். மின்னணு விளையாட்டில் ஆழ்ந்து, தன்னைக் கட்டுப்படுத்த இயலாமல், பிற கடமைகளைப் புறக்கணித்து, கேடு கண்டும் விடாதிருக்கும் நிலையை உலக நலவாழ்வு நிறுவனம் நோய்களின் வரிசையில் சேர்த்தது. அவ்வரிசை 2022ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நடைமுறைக்கு வந்தது. பெங்களூரில் உள்ள நிம்ஆன்சு மருத்துவ நிறுவனம் 2014ஆம் ஆண்டிலேயே இத்தகையோர்க்கெனத் தனி மருத்துவப் பிரிவு தொடங்கியது. தன்னால் விட முடியவில்லை என உணர்பவர் மருத்துவரை நாடுதல் இழிவன்று.

விக்கிப்பீடியர் இதற்கு எளிய வழி ஒன்றும் கண்டுள்ளனர். களைத்தவர் தம் பக்கத்தில் 'விடுப்பு' என எழுதிவிட்டுச் சில நாள் விலகுகின்றனர். ஆங்கில விக்கிப்பீடியாவில், தம்மையே குறித்த காலம் தடை செய்யுமாறு நிர்வாகியிடம் வேண்டுவாரும் உளர். பிறர் இட்டபோது கசந்த தடை, தாமே கேட்டபோது மருந்தாகின்றது!

ஆதலின், குழுமம் காப்பவர் விதியை முன்னரே அறிவித்து, காரணம் கூறி, காலம் குறித்து ஒறுப்பாராக. ஒறுக்கப்பட்டவர் வேறு பெயரில் நுழையாது, முறையீடு எழுதிவிட்டு அன்றிரவு நன்கு உறங்குவாராக. திருமுக்கூடல் மாணவர்க்கு அன்று பாயும் எண்ணெயும் பிறர் அளந்து தந்தனர். இன்றைய மாணவன் தன் உறக்கத்தையும் ஓய்வையும் தானே அளந்துகொள்ளல் வேண்டும்.